நிழலைப் பார்த்துக் குடை எடுங்கள்

மார்கழி பிறந்ததும் குடை பரணுக்குப் போய்விடுகிறது. வெயில் இதமாகத் தெரிவதற்குக் காரணம் குளிர்ந்த காற்று. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாலும் காண முடியாது, சூட்டை வைத்தும் அறிய முடியாது. போதாக்குறைக்கு, ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. ஜூலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் கதிர் அப்போது பூமியை எட்டுகிறது.

1. வெளியே கிளம்பும்போது உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், எவ்வளவு குளிராக இருந்தாலும் குடை வேண்டும். சூரியன் மிகவும் தாழ்ந்து போகும் டிசம்பர் 21 வாக்கில்கூட, சென்னையில் உச்சிவேளையில் ஐந்தடி ஆளின் நிழல் மூன்றே முக்கால் அடிக்குள்தான். டெல்லியில் அது ஆறடியைத் தாண்டும். காலை பத்தரை முதல் பிற்பகல் இரண்டு மணி வரை சென்னையில் நிழல் குட்டைதான். நாகர்கோவில் பக்கம் இந்த நேரம் இன்னும் நீளும். குளிர்நாடுகளுக்குச் சொல்லப்படும் யோசனைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. மூட்டமாக இருக்கிறது என்று அசட்டையாக இருக்க வேண்டாம். மெல்லிய மேகம் 80 சதவீதம் வரை புற ஊதாவை உள்ளே விட்டுவிடும்.

3. கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஸ்வெட்டருக்குள் இருக்கும் உடம்பு தப்பிவிடும். மூக்கு, காது மடல், உதடு, பின்கழுத்து ஆகியவைதான் மாட்டிக்கொள்ளும். மலைக்குப் போனால் விளிம்பு அகன்ற தொப்பியை முதலில் எடுத்து வையுங்கள்.

4. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும், தையில் சம்பா அறுப்பவர்களும் நாள் முழுக்க வெட்டவெளியில் இருக்கிறார்கள். முடிந்தவரை விடியலிலும் மாலையிலும் நடையை வைத்துக்கொண்டு, நடுப்பகலில் மண்டபத்திலோ மரத்தடியிலோ தங்குங்கள். நெருக்கமாக நெய்த, அடர்நிறப் பருத்தித் துண்டைத் தலையோடு கழுத்தையும் மூடப் போட்டுக்கொள்ளலாம். நனைந்த மெல்லிய துணி குளிர்ச்சி தரும். ஆனால் கதிரைத் தடுக்கும் திறன் அதில் குறைந்துவிடும்.

5. சன்ஸ்கிரீனைப் பொட்டு வைப்பதுபோல் தடவினால் பயனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுங்கள். எஸ்பிஎஃப் 30 போதும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனாக வாங்குவது நல்லது. வெறும் வெளிச்சம்கூட மங்கைக் கூட்டும். ட்யூபை வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

6. பனிக்காலத்தில் தோல் வெடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் அருமையானது. ஆனால் வெயிலைத் தடுக்க அதை நம்பக் கூடாது.

7. முகத்திலோ கையிலோ எலுமிச்சைச் சாறு பட்டால் கழுவிவிட்டு வெயிலில் போங்கள். சாறும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளம் வந்து, கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும்.

8. மழை வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் வராமலிருக்கவும், முகப்பருவுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பதுண்டு. அதைச் சாப்பிடும் நாட்களில் சிறிது வெயில்கூடத் தோலைச் சுட்டுவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முழுக்கைச் சட்டையும் குடையும் அவசியம்.

9. கறுப்பாக இருப்பதாலேயே ஒரு கண்ணாடி கண்ணைக் காக்காது. இருட்டில் கண்மணி விரிவதால், புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி கெடுதலே செய்யும். யுவி 400 என்று கேட்டு வாங்குங்கள். மீனவர்கள், உழவர்கள், கட்டடத் தொழிலாளர்கள் ஆகியோரின் கண்ணில் சதை வளர்வதற்கும், கண்புரைக்கும் பல வருட வெயில் ஒரு காரணம்.

10. காரில் ஜன்னலை ஏற்றிவிட்டாலும், தோலைச் சுருக்கும் புற ஊதா 'ஏ' பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வரும். ஜன்னல் ஓரத்துக் கைக்கு முழுக்கை உறை போடுங்கள்.

11. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணித் தொப்பியும் போதும். பிறந்த குழந்தையின் உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.