நயம் சாக்லேட்டும் நம் கடையும்: ஒரு வணிகப் பாடம்



திருப்புட்குழி மரகதவல்லித் தாயாரிடம் குழந்தை வரம் வேண்டும் பெண்கள், வறுத்த பயறை இரவு மடியில் கட்டிக்கொண்டு படுப்பதும், விடியலில் அது முளைத்திருந்தால் வேண்டுதல் பலித்தது என்று நம்புவதும் நாம் அறிந்த வழக்கம். அதே பயறு நம் கடையில் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் சரக்கு. நமக்கு அது பயறு. வாங்குபவருக்கு அது வேறு ஒன்று. சரக்கை வாங்கியவர் அதை என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்த வியாபாரிக்கே அதை விற்கத் தெரியும். இந்தப் பாடத்தை நயம் சாக்லேட்டை வைத்து இம்மாதம் படிப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், நெடுஞ்சாலையில் போகும் கார்க்காரர்களை நம்பி, விலை உயர்ந்த சாக்லேட் இரண்டு பெட்டி எடுத்தேன். கண்ணில் படட்டும் என்று மேற்கு பார்த்த கண்ணாடி அலமாரியில் அடுக்கினேன். பத்து நாள் கழித்து ஒருவர் திரும்பி வந்து, "ஐயா, இதுல பூஞ்சை பிடிச்சிருக்கு, பாருங்க" என்று பிரித்துக் காட்டினார். மேலே வெள்ளை படர்ந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது பூஞ்சை அல்ல என்று எனக்கும் அன்று தெரியாது. சரக்கில் நட்டம் இரண்டு பெட்டி. அந்த வாடிக்கையாளர் பிறகு வரவே இல்லை. பெரிய நட்டம் அதுதான்.

1. சரக்கை அறிதல்

சாக்லேட்டின் மூலப்பொருள் கோகோ மரத்தின் விதை. பழத்தை உடைத்து, விதையைச் சதையோடு ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, வறுத்து, அரைக்கிறார்கள். இந்தியாவில் 1965 முதல் காட்பரி நிறுவனம் கோகோ பயிரிடுவதை ஊக்குவித்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. ஆரோவில்லில் மேசன் அண்டு கோ, பொள்ளாச்சியில் சோக்லெட் என விதையிலிருந்து சாக்லேட் வரை தாங்களே செய்யும் நிறுவனங்கள் நம் பக்கமே உண்டு. ஆகவே நயம் சாக்லேட் என்றால் சீமைச் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை.

உறையைப் படிக்கப் பழகுங்கள். உள்ளடக்கப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வரும். முதலில் சர்க்கரை இருந்தால் அது இனிப்பை முதலாக வைத்துச் செய்த சாக்லேட். '70 சதவீதம் கோகோ' என்றால் கோகோ விதையிலிருந்து வந்த பகுதிகள் எல்லாம் சேர்ந்து 70 பங்கு. கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்ததைக் 'காம்பவுண்ட்' என்பார்கள். அது கெட்ட சரக்கு அல்ல. விலை குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் அதை நயம் சாக்லேட் என்று சொல்லி விற்பது, பாமாயிலை நெய் என்று விற்பது போன்றது.

2. வெயிலும் வாசனையும்

கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடல் சூடு 37 டிகிரி. நாக்கில் வைத்ததும் சாக்லேட் கரைவது இதனால்தான். அந்தச் சுகமே நம் கடையில் பகையாகிறது. காஞ்சிபுரத்துக் கோடை 40 டிகிரியைத் தொடும் கோடை. பால் சேர்த்த சாக்லேட் இன்னும் சீக்கிரம் இளகும்.

இளகி மீண்டும் இறுகினால் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படரும். நான் கண்டது அதுதான். தின்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பளபளப்பும் 'பட்' என்று ஒடியும் குணமும் போய்விடும். இன்னொரு வெள்ளையும் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சரக்கை உடனே வெளியே வைத்தால் அதன்மேல் ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து, பிறகு சொரசொரப்பாகக் காயும். ஆகவே 15 முதல் 18 டிகிரி வரை உள்ள, ஈரம் இல்லாத இடம் உத்தமம். குளிர்பெட்டிதான் உண்டு என்றால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்தபின் அறையின் சூட்டுக்கு வரும் வரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

மளிகைக்காரருக்கு மேலும் ஒரு எச்சரிக்கை. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், காப்பித்தூள், கற்பூரம், ஊதுவத்தி, சோப்பு ஆகியவற்றின் அருகே அதை வைக்கக் கூடாது. நம் கடையில் இவை இல்லாத மூலை குறைவு. அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கொள்முதல் செய்யுங்கள்.

3. வாங்குபவர் மூவர்

முதலாமவர் பயணி. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே போகிறவர். பட்டு எடுக்கவும் கோயில் பார்க்கவும் வருகிறவர். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "ஐயா, எவ்வளவு தூரம் போறீங்க?" என்பதுதான். பகல் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர் என்றால், "தரிசனம் முடிஞ்சு, புறப்படும்போது வாங்கிக்குங்க" என்று சொல்லுங்கள். ஒரு விற்பனை பத்து நிமிடமோ ஒரு மணியோ தள்ளிப் போகும். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்து நல்ல நிலையில் உறை பிரிக்கும்போது நம் கடை அவர் நினைவுக்கு வரும்.

இரண்டாமவர் வீட்டில் கேக்கும் இனிப்பும் செய்கிறவர். பிறந்த நாளுக்கு வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்கள் இன்று சிற்றூர்களிலும் உண்டு. இவர்கள் அளவு குறைவாக வாங்கினாலும் மாதாமாதம் வாங்குவார்கள். சர்க்கரை சேராத கோகோ தூள், கட்டிச் சாக்லேட், காம்பவுண்ட் மூன்றையும் தனித்தனியே பெயர் எழுதி வையுங்கள். உருக்கும் முறையையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வேறொரு பாத்திரம் வைத்து மெல்ல உருக்க வேண்டும். உருகும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டி தட்டிவிடும். 100 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் சூடான கிரீம் சேர்த்துக் கலந்தால் கேக்கின்மேல் ஊற்றும் பதம் வரும்.

மூன்றாமவர் சங்கீத ரசிகர். நம் காஞ்சி, லய ஞானத்துக்குப் பேர் பெற்ற நயினாப் பிள்ளை (1889–1934) வாழ்ந்த ஊர். மார்கழியில் சென்னை சபாக்களுக்கு இவ்வழியே போய்வருகிறவர்கள் பலர். நல்ல சாக்லேட்டை மெல்லக் கூடாது. ஒரு சிறு துண்டை ஒடித்து, முகர்ந்து, நாக்கில் வைத்துத் தானே கரைய விட வேண்டும். புளிப்பு, கசப்பு, இனிப்பு ஒவ்வொன்றாக வரும். விஸ்தாரமான ஆலாபனையைக் கேட்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸ் முதலானோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே மிட்டாயைச் சுவைத்தவர்களுக்கு, கேட்ட இசைக்கு ஏற்ப அது இனிப்பாகவோ கசப்பாகவோ சற்று மாறித் தோன்றியது. வீட்டில் இசைத்தட்டோ கைப்பேசியோ வைத்துப் பாட்டுக் கேட்பவருக்கு, கச்சேரி முடிந்து வந்த இரவுக்கு, ஒரு சிறு பட்டைச் சாக்லேட் போதும்.

இதில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. கச்சேரிக் காலமான டிசம்பர், ஜனவரியே நம் பக்கத்தில் வெயில் தணிந்த காலம். சாக்லேட் கெடாமல் இருக்கும் மாதமும் அதை நாடுபவர் வரும் மாதமும் ஒன்றே. நான் சித்திரையில் தொடங்கியதை நீங்கள் மார்கழியில் தொடங்குங்கள்.

4. ஒரு வெளிநாட்டுப் படிப்பினை

இசையும் இனிப்பும் பயணமும் ஒரே பொருளில் கூடிய ஊர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். இசை மேதை மொசார்ட் 1756-இல் பிறந்த ஊர் அது. 1890-இல் பால் ஃபுர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் பிஸ்தா, பாதாம் விழுதை உள்ளே வைத்து, சாக்லேட்டில் முக்கி எடுத்த உருண்டைக்கு மொசார்ட் பெயரை வைத்தார். ஊருக்கு வருகிறவர்கள் அதை வாங்காமல் திரும்புவதில்லை. ஆனால் அவர் பெயரைப் பதிவு செய்து காக்கவில்லை. மற்றவர்களும் அதே பெயரில் செய்து குவித்தார்கள். நம் நாட்டில் காஞ்சிப் பட்டு 2005-இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஊரின் பேரும் முதல்தான். அதற்கும் காவல் வேண்டும்.

5. முதலும் கணக்கும்

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தருவன ஐவரி கோஸ்ட், கானா என்ற இரு ஆப்பிரிக்க நாடுகள். அங்கே பயிர் நோயும் பருவக் கோளாறும் வந்ததால் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது, 2025-இல் இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் சரக்கை மொத்தமாக வாங்கிப் பதுக்குவது மளிகைக்காரருக்கு ஆகாது. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. கொள்முதல் பில்லில் இதைச் சரிபாருங்கள். முதல் மாதம் இரண்டு வகை, வகைக்கு ஒரு டஜன் போதும். முப்பது நாளில் விற்றதற்கு மேல் மறுபடி எடுக்காதீர்கள்.

பாடத்தை முடிக்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்:

1. என் கடையில் வெயிலும் வாசனையும் படாத மூலை எது?
2. சாக்லேட்டையும் காம்பவுண்டையும் உறையைப் பார்த்தே பிரித்துச் சொல்ல என் கடைப் பையனுக்குத் தெரியுமா?
3. வெள்ளை படர்ந்த சரக்கோடு ஒருவர் திரும்பி வந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

மூன்றாவது கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. "இது பூஞ்சை இல்லைங்க, சூடு பட்டு வந்த வெள்ளை. தப்பு என் அலமாரியுடையது, வேறு தருகிறேன்" என்று சொல்லி மாற்றிக் கொடுப்பேன். அன்று இந்த இரண்டு வரி தெரிந்திருந்தால், அந்த வாடிக்கையாளரை இழந்திருக்க மாட்டேன்.