மின்தடை பூஜ்யம் என்றால் சிக்னல் எங்கிருந்து வரும்?

முதல் வருஷ இயற்பியல் லேப் வைவா. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மீக்கடத்தி பற்றிக் கேட்டார். "மின்தடை பூஜ்யம் சார்" என்றேன். பயன்பாடு ஒன்று சொல்லச் சொன்னார். எங்கேயோ படித்த ஞாபகத்தில், "ஒரே ஒரு ஃபோட்டானைக்கூட எண்ணுற உணரி செய்யலாம் சார்" என்றேன். அவர் விடவில்லை. "தம்பி, மின்தடை பூஜ்யம்னா ஓம் விதிப்படி வோல்டேஜும் பூஜ்யம்தானே? அப்புறம் சிக்னல் எங்கிருந்து வரும்?"

முழித்தேன். மார்க் போனது போகட்டும், கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ஓம் விதியும், எல்ஆர் சர்க்யூட்டும் தெரிந்தால் போதும், மொத்தமும் புரிந்துவிடும். வாங்க பார்க்கலாம்.

அகச்சிவப்பு ஏன் தலைவலி?

ஃபைபர் கேபிளில் ஓடும் ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 1550 நானோமீட்டர். கண்ணாடி இழையில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். இந்த அலைநீளத்தில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். அது எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போடுவோம். 1 மில்லிவாட் லேசரிலிருந்து ஒரு நொடியில் வெளிவரும் ஃபோட்டான்கள் ஏறத்தாழ 7,800 லட்சம் கோடி. அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்து "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும்.

சிலிக்கானிடம் கேட்டால் கையை விரித்துவிடும். அதன் ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட். 0.8 மட்டும் கொண்டுவரும் ஃபோட்டானால் அந்த இடைவெளியைத் தாண்டி ஓர் எலக்ட்ரானைத் தூக்கிவிட முடியாது. இண்டியம் காலியம் ஆர்சனைடில் செய்த அவலாஞ்ச் டயோடால் முடியும். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. ஒருமுறை அவலாஞ்ச் நடந்தால், குறைபாடுகளில் சிக்கிக்கொண்ட சில எலக்ட்ரான்கள் பிறகு விடுபட்டு, ஃபோட்டானே வராமல் இன்னொரு துடிப்பைக் கிளப்பிவிடும். எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

மீக்கடத்தியில் கதை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் கூப்பர் இணைகளாகச் சேர்ந்து ஓடுகின்றன. ஓர் இணையை உடைக்கச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் போதும். அதாவது, சிலிக்கானால் கண்டுகொள்ள முடியாத அதே ஃபோட்டான், இங்கே நூற்றுக்கணக்கான இணைகளை உடைக்கும் அளவு ஆற்றலோடு வருகிறது.

கம்பி எப்படி இருக்கும்?

2001-ல் மாஸ்கோவைச் சேர்ந்த கிரிகோரி கோல்ட்ஸ்மன் குழுவினர் இந்த உணரியை முதலில் செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நியோபியம் நைட்ரைடு. இன்றும் பரவலாகப் பயன்படுவது அதுதான்.

படலத்தின் தடிமன் 5 நானோமீட்டர் அளவு. அதிலிருந்து சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில் ஒரு கம்பியைச் செதுக்குகிறார்கள். ஒற்றைக் கம்பி என்றால் ஒளி அதன் மேல் விழுவதே அதிர்ஷ்டம். அதனால் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஒரு சதுரத்தை நிரப்புகிறார்கள். 15 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரம், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 100 நானோமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 75 வரிசைகள் வரும். எல்லாவற்றையும் நீட்டிப் போட்டால் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதை 2 அல்லது 3 கெல்வினுக்குக் குளிர்வித்து, 20 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு நேர்மின்னோட்டம் செலுத்துவார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. எந்த மீக்கடத்தியும் ஓர் அளவுக்கு மேல் மின்னோட்டத்தைத் தாங்காது. அந்த எல்லைக்கு மாறுநிலை மின்னோட்டம் என்று பெயர். அதைத் தாண்டினால் மீக்கடத்தும் தன்மை போய், சாதாரண உலோகம் போல மின்தடை வந்துவிடும். நாம் கம்பியை வேண்டுமென்றே அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி வைக்கிறோம்.

ஃபோட்டான் விழும்போது

கரை தளும்ப ஓடும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மண்கட்டி சரிந்து விழுந்தால், தண்ணீர் பக்கவாட்டில் ஒதுங்கிக் கரையைத் தாண்டிவிடும். அரை வாய்க்கால் தண்ணீர் ஓடும்போது அதே கட்டி விழுந்தால் ஒன்றும் ஆகாது. கம்பியில் நடப்பதும் இதுதான். வரிசையாகப் பார்ப்போம்.

1. ஃபோட்டான் விழுந்த இடத்தில் கூப்பர் இணைகள் உடைந்து, அந்தச் சிறு பகுதியில் மீக்கடத்தல் பலவீனமாகிறது.
2. மின்னோட்டம் அந்த இடத்தைச் சுற்றி ஒதுங்குகிறது. பக்கவாட்டில் நெரிசல் கூடி, அங்கே மாறுநிலை எல்லை தாண்டப்படுகிறது.
3. கம்பியின் முழு அகலமும் அந்த இடத்தில் சாதாரண உலோகமாகிறது. மின்னோட்டம் அதைச் சூடாக்க, அந்தத் துண்டு நீண்டு, மின்தடை கிலோ ஓம் அளவுக்கு ஏறுகிறது.
4. கம்பிக்கு இணையாக 50 ஓம் உள்ளீடு கொண்ட பெருக்கி இருக்கிறது. ஒரு பக்கம் கிலோ ஓம், மறுபக்கம் 50 ஓம். மின்னோட்டம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்!
5. 20 மைக்ரோ ஆம்பியர் × 50 ஓம் = 1 மில்லிவோல்ட். இதுதான் நம் சிக்னல்.
6. மின்னோட்டம் விலகியதும் சூடாவது நிற்கிறது. கம்பி அடித்தளத்துக்கு வெப்பத்தைக் கொடுத்து ஆறி, மறுபடி மீக்கடத்தியாகிறது. மின்னோட்டமும் திரும்பி வருகிறது. அடுத்த ஃபோட்டானுக்கு ரெடி.

ஆக, வைவா கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சிக்னல் வருவது மீக்கடத்தலால் இல்லை, மீக்கடத்தல் ஒரு கணம் உடைவதால். பூஜ்ய மின்தடை என்பது அமைதியான பின்னணி மட்டும்தான்.

எவ்வளவு வேகமாக எண்ணலாம்?

கம்பி ஆறுவதற்கு ஒரு நானோநொடிகூடத் தேவைப்படாது. ஆனால் மின்னோட்டம் திரும்பி வர அதைவிட நேரமாகும். காரணம் இண்டக்டன்ஸ். காயில் சுற்றாமலே எப்படி இண்டக்டன்ஸ் என்று கேட்கலாம். கூப்பர் இணைகளுக்கு நிறை உண்டு, அவற்றை வேகப்படுத்த நேரம் பிடிக்கும். அந்தத் தயக்கம் சர்க்யூட்டில் இண்டக்டன்ஸ் போலவே நடந்துகொள்கிறது. மெல்லிய, நீளமான கம்பியில் இது பெரிதாக இருக்கும். நாம் பார்த்த கம்பிக்கு 1 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொண்டால், நேர மாறிலி = 1 மைக்ரோஹென்றி ÷ 50 ஓம் = 20 நானோநொடி. மூன்று நேர மாறிலி காத்திருந்தால், நொடிக்கு ஒன்றரைக் கோடி ஃபோட்டான்களுக்கு மேல் எண்ணலாம்.

"50 ஓமுக்குப் பதில் 500 ஓம் போட்டா பத்து மடங்கு வேகம் கிடைக்குமே?" நல்ல கேள்வி. ஆனால் மின்னோட்டம் சீக்கிரம் திரும்பினால், ஆறி முடிக்காத கம்பி மறுபடி சூடாகும். சூடும் குளிர்ச்சியும் சமநிலைக்கு வந்து, கம்பி மின்தடை நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு எத்தனை ஃபோட்டான் விழுந்தாலும் பதில் இருக்காது. மின்னோட்டத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால்தான் உயிர் வரும். உடைவது மட்டும் போதாது, தானாகச் சரியாகவும் வேண்டும். வடிவமைப்பின் பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில்?

மாறுநிலை மின்னோட்டத்தை நெருங்க நெருங்க உணர்திறன் கூடும். கூடவே, ஃபோட்டான் வராமலே கம்பி தானாக உடைவதும் கூடும். இதற்கு இருட்டு எண்ணிக்கை என்று பெயர். ரொம்ப விலகி நின்றால் ஃபோட்டான் வந்தும் கம்பி அசையாது. நல்ல பொருளாக இருந்தால், எல்லைக்கு வெகு முன்னாலேயே திறன் உச்சத்தைத் தொட்டு அப்படியே சமதளமாக நிற்கும். டங்ஸ்டன் சிலிசைடு அப்படிப்பட்டது. அத்துடன் கம்பிக்குக் கீழே ஒரு கண்ணாடியை வைத்து, தப்பிப் போகும் ஒளியைத் திருப்பி அனுப்புவார்கள். 5 நானோமீட்டர் படலம் ஒரே தடவையில் எல்லா ஒளியையும் உறிஞ்சாது அல்லவா? இந்த வழியில் 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 1550 நானோமீட்டரில் 93 சதவீதத் திறனை எட்டினார்கள்.

மூன்று கோடி கிலோமீட்டர் தாண்டி ஒரு பூனை

2023 டிசம்பர் 11. நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் மூலம் ஒரு வீடியோவை அனுப்பியது. லேசர் புள்ளியைத் துரத்தும் டேட்டர்ஸ் என்ற பூனையின் வீடியோ அது. புறப்படும் முன்பே விண்கலத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒளி பூமிக்கு வந்து சேர 101 நொடி ஆனது. வேகம் நொடிக்கு 267 மெகாபிட்.

விண்கலத்தின் லேசர் சக்தி வெறும் 4 வாட். அவ்வளவு தூரம் வருவதற்குள் கற்றை விரிந்து, கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையிலுள்ள 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கிக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். தகவல் இருப்பது ஒளியின் பிரகாசத்தில் இல்லை, துடிப்பு எந்தக் கணத்தில் வருகிறது என்பதில். அதனால் ஃபோட்டானை எண்ணினால் மட்டும் போதாது, அது வந்த நேரத்தையும் துல்லியமாகக் குறிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தது 64 கம்பிகள் கொண்ட மீக்கடத்தி உணரி அணி. ஒரு கம்பி மீண்டுகொண்டிருக்கும்போது மற்றவை விழித்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. உணரி தூசியளவு, ஆனால் அதைக் குளிர்விக்கும் இயந்திரம் கிலோவாட் கணக்கில் மின்சாரம் கேட்கும். இதை உங்கள் ஃபோனுக்குள் வைக்க முடியாது. குவாண்டம் குறியீட்டுத் தகவல்தொடர்பு, ஆழ்விண்வெளி மாதிரி ஒவ்வொரு ஃபோட்டானும் முக்கியமான இடங்களில்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு

மேலே சொன்ன அதே சதுரத்தை ஒரே கம்பிக்குப் பதில் நான்கு சமமான கம்பிகளால் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 50 ஓம் பெருக்கி கொடுத்தால், ஒரு கம்பியின் நேர மாறிலி என்ன ஆகும்? அதனால் என்ன ஆபத்து வரலாம்? விடையின் இரண்டு பாதிகளும் இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கின்றன. போட்டுப் பாருங்கள். அடுத்த வைவாவில் நீங்களாவது முழிக்காமல் இருங்கள்!