கம்ப்யூட்டரிலும் ஹக்குல் இபாத்

ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த என் மகன், விண்டோஸை மட்டும் ‘கிராக்’ போட்டு ஓட்டுகிறான். இது கூடுமா என்று தியாகராய நகர் சகோதரி ஒருவர் வினவுகிறார்.

கூடாது என்பதே நமது பதில். பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுப்பது ஹக்குல் இபாதில் கை வைப்பதாகும். ஆக்கியோனின் உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் சொத்தே என 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், அறிந்தே கள்ளப் பிரதியை ஓட்டுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது.

காசு கொடுத்து வாங்குவோரும் நிபந்தனையை அறிதல் வேண்டும். ‘ஓஇஎம்’ உரிமம் முதலில் பதிந்த கம்ப்யூட்டருக்கே உரியது. வேறு பெட்டிக்கு மாற்றலாகாது. ‘ரீடெய்ல்’ உரிமத்தைப் பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். ஒரே சமயத்தில் இரண்டிலும் ஓட்டலாகாது. ஒப்பந்தத்தைப் பேணுவது முஃமினின் கடமையன்றோ!

வசதியில்லாதோருக்கும் வழியுண்டு. லினக்ஸ் இலவசம், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ தமிழிலும் இயங்கும். ஹலாலான வாசல் திறந்திருக்க, ஹராமான சன்னலில் ஏறுவானேன்?

குர்ஆன் கிராஅத்தையும் அந்தப் பெட்டியில்தானே கேட்கிறோம்? இதுவரை செய்ததற்குத் தவ்பா செய்து, இன்றே அதை நீக்கிவிடச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் பேணுதலுடன் வாழச் செய்வானாக! ஆமீன்.