புள்ளியால் எழுதுவது எப்படி?

கோட்டக்குப்பத்தில் சங்கமொன்றின் கணக்கை நாம் பார்வையிட்டபோது, நெசவாளரான மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் ரசீதை நீட்டி, "நான் வாங்கிய நூலின் எடை எது, கூலியில் பிடித்த பணம் எது? சொல்லுங்கள் ஐயா" என்றார். அச்சு முழுவதும் ஆங்கிலம். அடியில் உள்ள கையெழுத்து அவருடையது. படிக்க இயலாத சீட்டில் இட்ட ஒப்பம் ஒப்பமாகுமா?

புதிய கணிப்பொறிகளில் தமிழ் அச்சிடுவது எளிது. அச்சங்கத்தில் இருந்ததோ பழைய கணிப்பொறியும், கார்பன் நகலுக்காக வைத்திருந்த புள்ளி அச்சு யந்திரமும். அந்த யந்திரத்தினுள் பதிந்துள்ள எழுத்துக்களில் தமிழ் இல்லை. ஆனால் படம் வரையச் சொன்னால் வரையும்; எழுத்தும் ஒரு படந்தானே!

நெசவாளருக்கு இவ்வித்தை புதிதன்று. கட்டத்தாளில் பூவை வரைந்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறோம். துளையிருந்தால் பாவிழை எழும், இல்லையேல் கிடக்கும். இங்கே இழைக்குப் பதில் ஊசி. எப்ஸன் முறையைப் பின்பற்றும் ஒன்பது ஊசி யந்திரங்களில், மேலிருந்து எட்டு ஊசிகளுக்கு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு உண்டு. ஒரு நெடுவரிசையில் எவை குத்தவேண்டுமோ அவற்றின் மதிப்புகளைக் கூட்டினால் ஒரே எண் கிடைக்கும்.

'உப்பு' என்பதன் நடுவெழுத்தை எடுத்துக்கொள்வோம். 'ப்' வரைய ஏழு நெடுவரிசைகள் போதும். இரு பக்கக் கோடுகளுக்கும் கீழ் ஆறு ஊசிகள், கூட்டினால் 63. அடிக்கோட்டுக்கு 1. நடுவே, மேற்புள்ளியும் சேர்ந்து 129. ஆக 63, 1, 1, 129, 1, 1, 63. புள்ளியை மறந்து நடுவிலும் 1 என்றே போட்டால் 'உபபு' ஆகிவிடும். மரக்காணத்து உப்பளத்தார் பொறுப்பார்களா?

இவ்வெண்களை அனுப்ப பேஸிக் மொழி உதவும். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் ஆசிரியர்கள் மாணவருக்காக அமைத்தது அது. எண்களுக்கு முன் 27, 75, 7, 0 என்ற தலைப்பு செல்லவேண்டும். முதலிரண்டும் 'படம் வருகிறது' என்னும் கட்டளை. 7 நெடுவரிசைகளின் தொகை. கடைசி எண் அத்தொகையில் எத்தனை 256 அடங்கும் என்பது. 480 வரிசையானால் 224, 1 என்று எழுதவேண்டும். தொகை தவறி 8 என்று சொன்னால், அடுத்து வரும் எழுத்தையும் யந்திரம் படமென்று விழுங்கிவிடும்.

'டேட்டா' வரியில் எண்களை எழுதி, 'ரீட்' கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, 'எல்பிரிண்ட்' மூலம் அனுப்புக. இறுதியில் அரைப்புள்ளி இடாவிடில் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் வரி முடிக்கும் 13, 10 ஆகியவை நுழைந்து கட்டளை குலையும். நாமே ஒரு முற்பகல் முழுவதும் இதில் தாளை வீணாக்கினோம். ஜி.டபிள்யூ. பேஸிக்கில் 80 எழுத்தோடு வரி தானாகவே முறியும். ஆதலால் அச்சின் அகலத்தை முன்னதாக 255 என்று அறிவிக்கவேண்டும்.

கொம்பும் சுழியும் உள்ள எழுத்துக்கு எட்டுப் புள்ளி உயரம் போதாது. மேற்பாதியை அடித்து, தாளை 8/72 அங்குலம் நகர்த்தி, கீழ்ப்பாதியை அடிக்கவேண்டும்.

எடை, கூலி, பிடித்தம் என்னும் மூன்று சொற்களைக் கட்டத்தாளில் வரையும் வேலையை அப்பெரியவரிடமே விட்டோம். அடுத்த முறை நாம் சென்றபோது, 'டை'யின் கொம்பில் ஒரு புள்ளி மிகுதியென்று அவர் காரியதரிசியோடு வாதாடிக்கொண்டிருந்தார்.