சினிமா அரியர் கிளியர் பண்ணுவது எப்படி?

உங்க போனில் 'பார்க்க வேண்டிய படங்கள்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை ஒரு தடவை திறந்து பாருங்க. சீனியர் சொன்னது, ரீல்ஸில் வந்தது, ஏதோ பேட்டியில் ஒரு டைரக்டர் புகழ்ந்தது என்று முதல் செமஸ்டரில் ஆரம்பித்த லிஸ்ட், ஏழாவது செமஸ்டர் வரும்போது நூறைத் தாண்டியிருக்கும். அதில் பார்த்தது நாலு இருந்தால் அதிகம். ராத்திரி மெஸ் சாப்பாடு முடிந்து, எதைப் போடலாம் என்று ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே மனப்பாடமான ஒரு காமெடி சீனைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம்.

இதில் கூடுதலாக ஒரு கூச்சமும் இருக்கு. யாராவது "உதிரிப்பூக்கள் பாத்ததில்லையா?" என்று கேட்டால் பேச்சை மாற்றுவோம், இல்லையென்றால் பாதி பார்த்தேன் என்போம். நம்மில் பலர் இங்கிலீஷ் மீடியம். நோலனின் எந்தப் படத்தில் காலம் பின்னோக்கிப் போகும் என்று சொல்லிவிடுவோம். மகேந்திரன் என்றால் 'தெறி' வில்லன்தானே என்போம். அவரேதான். 1979-ல் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து 'உதிரிப்பூக்கள்' எடுத்தவரும் அவரே.

லிஸ்ட்டை மேலிருந்து கீழே முடிக்கப் பார்ப்பதுதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு உதாரணம். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு முறை உலகின் சிறந்த படங்களுக்கு ஓட்டெடுப்பு நடத்தும். 2022-ல் முதலிடம் பிடித்தது சாந்தல் அகர்மன் 1975-ல் எடுத்த 'ழான் தீல்மான்'. 200 நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஒரு பெண் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், உருளைக்கிழங்குத் தோலைச் சீவுகிறாள். முதலிடம் வந்த படம் என்று இதில் ஆரம்பித்தவர்கள் எத்தனையாவது நிமிஷத்தில் இன்ஸ்டாகிராமுக்குப் போயிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. படத்தின் மேல் தப்பில்லை, உங்க மேலும் தப்பில்லை. எதைப் பார்க்கணும் என்று பிடிபடுவதற்கு முன்னாடியே உள்ளே போயாச்சு, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்லும் வழி இது: உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிங்க. நமக்கு எது தெரியும்? நாம் இருப்பது திருப்பூர் பக்கம். ஓவர்லாக்குக்கும் பேட்லாக்குக்கும் வித்தியாசம் தெரியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன, பீஸ் ரேட் எப்படி ஓடும், சனிக்கிழமை சம்பளம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போகும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை, கூலி, வாடகை. இந்த மூன்றையும் நேராகப் பார்த்த நல்ல தமிழ்ப் படங்கள் இருக்கு. அந்தப் பக்கமிருந்து நுழைஞ்சா 'கிளாசிக்' என்ற பயம் போயிடும்.

முதலில் 'முள்ளும் மலரும்', 1978. மகேந்திரன் டைரக்ட் செய்த முதல் படம். பாலு மகேந்திரா கேமரா. ரஜினி இருக்கார், இளையராஜா இருக்கார், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. பட்ஜெட் தகராறில் 'செந்தாழம் பூவில்' பாட்டை எடுக்கக் கமல் உதவி செய்தார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. அதைவிட நமக்கு முக்கியம் வேறொன்று. ரஜினி நடித்த காளி ஒரு வின்ச் ஆபரேட்டர். மலையில் ஒரு மின் திட்டம், அங்கே இழுவை வண்டி. ஊர்க்காரர்களைக் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போவான். அங்கே புதிதாக வரும் இன்ஜினீயர் குமரன், சரத்பாபு, அதை நிறுத்துவார். விதிப்படி பார்த்தால் இன்ஜினீயர் செய்வது சரி. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கே.

ரசிகனாகப் பார்த்தால் காளி பக்கம் நிற்போம். இப்போ பைனல் இயர் மாணவராகப் பாருங்க. கேம்பஸில் வேலை கிடைத்து ஒரு ஆலைக்குள் போகும்போது, நாம் போய் நிற்கப்போவது குமரன் நிற்கும் இடத்தில். நமக்கு முன்னாடி இருபது வருஷமாக அந்த மெஷினை ஓட்டும் ஒருத்தர் நிற்பார். அவருக்கு அதன் சத்தத்தை வைத்தே கோளாறு தெரியும்; நமக்கு மேனுவல் தெரியும். என் அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். இந்தப் படத்தை அவர் சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் பார்த்தாராம். "காளி தப்புத்தான் பண்றான், ஆனா அந்த ஆபீசர் பேசற மொறையும் சரியில்ல" என்றார். நம்ம சிலபஸில் இன்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் இல்லாத பாடம் இது. குமரனைக் கெட்டவனாக மகேந்திரன் காட்டவில்லை, அதைக் கவனிங்க. அங்கேதான் இந்தப் படம் மற்ற ரஜினி படங்களிலிருந்து விலகி நிற்கிறது.

இரண்டாவது 'வீடு', 1988, பாலு மகேந்திரா. பாட்டே கிடையாது. பின்னணியில் வருவது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தின் இசை. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை என்று இரண்டு தேசிய விருது, நடிகை அர்ச்சனா. கதையை ஒரே வரியில் சொல்லலாம்: வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும், வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் பார்க்கிறாள். கூட ஒரு தங்கச்சி, வயதான ஒரு தாத்தா. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் அந்தப் பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் காட்சிக்காக மட்டுமே இந்தப் படத்தை இரண்டு தடவை பார்க்கலாம்.

இதை நான் அம்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அவங்க பனியன் கம்பெனியில் செக்கிங். நாங்க இதுவரை ஐந்து லைன் வீடு மாறியிருக்கோம். காய் நறுக்கிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தவங்க, காண்ட்ராக்டர் வந்த சீனிலேயே, "இவன் சிமென்ட்டுல கை வெப்பான் பாரு கண்ணு" என்றாங்க. படம் அந்த இடத்துக்கு வர இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. கடன், அட்வான்ஸ், பிளான் அப்ரூவல் என்று ஒவ்வொன்றாக வரவர அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாங்க. எனக்கு மெதுவாகத் தெரிந்த இடமெல்லாம் அவங்களுக்கு வேகமாக இருந்தது. ஏனென்றால் ஒவ்வொரு சீனிலும் ரூபாய் எவ்வளவு குறைகிறது என்று அவங்க மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாங்க. சித்தாளாக வரும் மங்கம்மா பாத்திரம் காண்ட்ராக்டரை எதிர்த்துப் பேசும் இடத்தில், "அப்பிடிக் கேளு!" என்று டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாங்க. படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "எந்த வருசம் எடுத்தது?" சொன்னேன். "அப்பவே இப்பிடித்தானா?"

ஆகவே ஒரு படம் இழுவையாகத் தெரிந்தால், அதில் வரும் வேலை தெரிந்த யாராவது ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்க. எந்த விமர்சனம் படிப்பதைவிடவும் இது பலன் தரும்.

மூன்றாவது 'காஞ்சிவரம்', பிரியதர்ஷன். சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் வாங்கியது. சுதந்திரத்துக்கு முந்தைய காஞ்சிபுரம். பட்டு நெய்யும் வேங்கடம், தன் மகளைப் பட்டுச்சேலை கட்டித்தான் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நெய்பவன் வீட்டில் பட்டு இல்லை. அதனால் தினமும் கொஞ்சம் பட்டு நூலை வாய்க்குள் மறைத்து வெளியே கொண்டு வருகிறான். கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வரும் ஆட்களை நாம் தினமும் பார்க்கிறோம். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டீசர்ட் வாங்கும்போது, காலர் லேபிளில் யூரோவில் விலை பார்த்துச் சிரித்திருப்போம். தைத்தவர் யாரும் அதை அந்த விலைக்கு வாங்கப்போவதில்லை. இந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு: சோகத்தைச் சில இடங்களில் இசையால் அழுத்திப் பிழிகிறார்கள். இருந்தாலும் தறிச் சத்தத்துக்காகப் பாருங்க, ஹெட்போன் போட்டு.

இடையில் ஒரு விஷயம். பழைய படங்களை யூடியூபில் தேடினால் மங்கலான பிரிண்ட்தான் பெரும்பாலும் கிடைக்கும். 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தன் படங்களின் நெகடிவ் அழிந்துபோனதைப் பற்றி பாலு மகேந்திராவே வேதனையோடு பேசியிருக்கிறார். தமிழ்ப் படங்களுக்கு ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். 2014-ல் இறந்துபோனார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே இந்த நிலைமை. 'நல்ல பிரிண்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் இருக்கிற பிரிண்ட்டும் கண்ணில் படாமல் போகலாம்.

அரியர் என்றதும் தாமதமாகிவிட்டது என்ற நினைப்பு வரும். 1950-ல் விளம்பரக் கம்பெனி வேலையாக லண்டன் போன சத்யஜித் ராய், அங்கே இருந்த சில மாதங்களில் சுமார் நூறு படம் பார்த்தார். அதில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அவரை உலுக்கியது. ஐந்து வருஷத்தில் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. அது லண்டன், அவர் ராய் என்கிறீர்களா? அப்படியென்றால் நம்ம ஊர் வழியாகப் போன ஒருத்தரைச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பி.எஸ். வினோத்ராஜ் சின்ன வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்திருக்கிறார். பிறகு சென்னைக்குப் போய் ஒரு டிவிடி கடையில் வேலைக்குச் சேர்ந்தார். உலகப் படங்களை அவர் பார்த்தது அந்தக் கடையில்தான். பிலிம் இன்ஸ்டிட்யூட் எல்லாம் இல்லை. அவருடைய முதல் படம் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த வருஷம் இந்தியாவிலிருந்து ஆஸ்கர் போட்டிக்குப் போனதும் அதுதான்.

அதனால் உங்க நான்காவது படம் 'கூழாங்கல்'. 75 நிமிஷம்தான், ஒரு லேப் ஹவரைவிடக் கம்மி. குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவர மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வர பஸ்சுக்குக் காசில்லை. வெயிலில் 13 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். நடப்பதைக் காட்டும்போது கட் பண்ணி ஊருக்குக் கொண்டு போகமாட்டார்கள். கூடவே நடக்க வைப்பார்கள். அந்தப் பையன் முகத்தை விடாதீங்க, பேச்சு ரொம்பக் கம்மி.

என்பிடெல் வீடியோவை 1.5 வேகத்தில் ஓட்டிப் பழகிய கை, இங்கேயும் தானாக அந்தப் பட்டனுக்குப் போகும். போக விடாதீங்க. முடிவில் பெண்கள் ஊற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்பும் காட்சி நீளமாக வரும். குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் உட்காருங்க. அதற்கு அடுத்த வாரம் 'ழான் தீல்மான்' போட்டுப் பாருங்க, உருளைக்கிழங்கு சீவுகிற இடம் வரைக்குமாவது. முடிந்தால் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைங்க.