மாச்சத்தும் நுண்துளை மட்கலங்களும்

மும்பையில் தாராவியைச் சேர்ந்த கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பானைகளும் அகல் விளக்குகளும் வனைந்து வருகின்றனர். மண்பானையில் நீர் குளிர்வதற்குக் காரணம் அதன் சுவரிலுள்ள நுண்துளைகளே. அவற்றின் வழியே கசியும் நீர், ஆவியாகுங்கால் பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. இத்துளைகள் தாமே அமைபவை. ஆனால் குடிநீர் வடிகட்டிக்கும், வெப்பம் தடுக்கும் செங்கல்லுக்கும் துளைகள் வேண்டிய அளவில் அமைதல் அவசியம். அதற்கு உதவும் எளிய பொருள்களுள் ஒன்று மாச்சத்து.

மாச்சத்து மிகச் சிறிய மணிகளாலானது. மணியின் குறுக்களவு அரிசியில் சுமார் 3 முதல் 8 மைக்ரான் வரையிலும், மரவள்ளிக் கிழங்கில் 5 முதல் 35 மைக்ரான் வரையிலும் இருக்கும். உருளைக்கிழங்கில் 100 மைக்ரானையும் எட்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நுண்ணிய களிமண் குழம்புடன் மாச்சத்தைக் கலந்து, அச்சில் வார்த்து, 60 முதல் 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால், மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழம்பை இறுகச் செய்கின்றன. வழக்கமான வார்ப்பில் நீரை அச்சு உறிஞ்சவேண்டியிருப்பதால் பாரிஸ் சாந்து அச்சு தேவை. இம்முறையில் உலோக அச்சே போதும். வார்த்ததை உலர்த்திச் சூளையிலிட்டால், மாச்சத்து எரிந்து அது இருந்த இடம் துளையாகிறது. எரியும் கட்டத்தில் சூட்டை மெல்ல ஏற்றவேண்டும். இல்லையேல் வெளிப்படும் வாயுக்கள் கலத்தைப் பிளந்துவிடும். மாச்சத்து குறைந்தால் துளைகள் ஒன்றோடொன்று இணையா. மிகுந்தால் கலம் வலிமை குன்றும்.

துளைமையை அளக்கத் தராசு ஒன்றே போதும். உலர்ந்த ஓட்டின் எடை 200 கிராம் எனக் கொள்வோம். அதை நீரில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டபின், நீருள் தொங்கவிட்டு நிறுத்தால் 125 கிராம். வெளியே எடுத்து மேல் ஈரத்தைத் துடைத்து நிறுத்தால் 250 கிராம். உறிஞ்சிய நீர் 50 கிராம். ஓட்டின் மொத்தக் கனஅளவு 125 கன சென்டிமீட்டர். எனவே துளைமை 40 சதவீதம்.

எனினும், துளைமை மிகுந்த கலம் நல்ல வடிகட்டி என்று முடிவு செய்யலாகாது. பல பாக்டீரியாக்கள் 1 அல்லது 2 மைக்ரான் அளவினவே. அவற்றைத் தடுப்பது துளைகளை இணைக்கும் குறுகிய வாயில்களின் அளவைப் பொறுத்தது. அதைத் தராசு காட்டாது. ஆகையால், வடிந்த நீர் தெளிவாகத் தோன்றினும், ஆய்வுக்கூடத்தில் சோதித்தறியாமல் அதைக் குடிக்கக் கொடுத்தல் கூடாது என்பதைக் களப்பணியாளர் மக்களுக்கு வலியுறுத்த வேண்டும்.