பாடம்: வீடியோ கணக்கும் நம் குழுக் கணக்கே



நம் மாவட்டத்தில் இன்று பல குழுக்கள் சாமை முறுக்கு, ராகி மாவு, புளி, மாங்காய் ஊறுகாய் என்று தாங்கள் தயாரிக்கும் பொருட்களை யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாகக் காட்டி வருகின்றன. கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "மேடம், நாங்களும் வாரா வாரம் வீடியோ போடறோம். ஊரே லைக் போடுது. ஆனா முறுக்கு மட்டும் வித்த பாடில்ல. எதனால?"

இதற்கான பதில் அந்த ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துப் படிப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

கணக்கு நமக்குப் புதிதல்ல

சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று முதல் நம் பெண்கள் வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் எழுதி வருகிறார்கள். ஒரு குழு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் கேட்போமா? "எத்தனை பேர் தவறாம வர்றாங்க? தவணை ஒழுங்கா திரும்புதா?" என்றுதானே கேட்போம்.

வீடியோவுக்கும் அதே பார்வைதான் வேண்டும். லைக் என்பது உறுப்பினர் எண்ணிக்கை மாதிரி. எத்தனை பேர் முழுசா பார்த்தார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதுதான் வருகைப் பதிவேடு.

எங்கே பார்ப்பது?

யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் 'யூடியூப் ஸ்டுடியோ' என்ற இலவச ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 'அனலிட்டிக்ஸ்' என்ற பகுதியில் எல்லாக் கணக்கும் வரும். இன்ஸ்டாகிராமில் சாதாரணக் கணக்கை 'புரொஃபஷனல்' கணக்காக மாற்றினால் 'இன்சைட்ஸ்' தெரியும். அதற்கும் கட்டணம் இல்லை.

பார்க்க வேண்டிய நான்கு எண்கள்

1. *எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள்.* யூடியூப் நம் வீடியோவின் முகப்புப் படத்தைப் பலர் திரையில் காட்டும். இதுதான் 'இம்ப்ரெஷன்'. அதைப் பார்த்துத் தொடுபவர்கள் நூற்றுக்கு எத்தனை என்பது அடுத்த எண். பாதிக்குப் பாதி சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று யூடியூப் நிறுவனமே சொல்கிறது. ஆகவே நூற்றில் மூன்று பேர்தான் தொட்டார்கள் என்றால் மனம் உடைய வேண்டாம்.

2. *எவ்வளவு நேரம் பார்த்தார்கள்.* இதற்கு ஒரு கோட்டுப் படம் வரும். கோடு எந்த இடத்தில் சடாரென்று இறங்குகிறதோ, அந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

3. *எங்கிருந்து வந்தார்கள்.* 200 பேர் பார்த்த வீடியோவில் 180 பேர் வாட்ஸ்அப் லிங்க் வழியாக வந்திருந்தால், பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம் சொந்தக்காரர்களும் பக்கத்துக் குழுக்காரர்களும்தான். அவர்கள் லைக் போடுவார்கள், முறுக்கு வாங்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலேயே முறுக்கு இருக்கிறது! மேலே கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

4. *திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்.* புதியவர், திரும்பி வந்தவர் என்று தனித்தனியாக வரும். இரண்டாவது எண் மாதா மாதம் கூடினால் சேனல் வளர்கிறது என்று நம்பலாம்.

எந்த ஊர், எந்த வயது, எந்த நேரம் என்ற விவரங்களும் உண்டு. சேனல் சின்னதாக இருக்கும்போது இவற்றில் சில வராது. ஆட்கள் சேரச் சேர வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு குழு ஐந்து நிமிட சாமை முறுக்கு வீடியோ போட்டதாக வைத்துக்கொள்வோம். 2,000 முறை காட்டப்பட்டது, 60 பேர் தொட்டார்கள். அதாவது 3 சதவீதம். சராசரியாகப் பார்த்தது ஒரு நிமிடம் 10 வினாடி. கோடு முதல் அரை நிமிடத்திலேயே இறங்கிவிட்டது.

அந்த அரை நிமிடத்தில் என்ன இருந்தது? கூட்டமைப்பின் பெயர்ப் பலகை, தலைவி வணக்கம் சொன்னது, கண்காட்சியில் எடுத்த குரூப் போட்டோ. நமக்கு அது பெருமை. ஆனால் முறுக்கு பார்க்க வந்தவருக்கு அது காத்திருப்பு.

அடுத்த வீடியோவில் குழு ஒன்றே ஒன்றை மாற்றுகிறது. எடுத்த எடுப்பில் மாவு பிழிந்து எண்ணெயில் விழுகிறது, சத்தம் கேட்கிறது. வணக்கம் எல்லாம் பிறகு. இப்போது சராசரி இரண்டரை நிமிடம் ஆனால், மாற்றம் வேலை செய்திருக்கலாம். இன்னும் இரண்டு வீடியோ அப்படியே போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு முகப்புப் படத்தை மாற்றி, 3 சதவீதம் ஏறுகிறதா என்று பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், ருசி எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதுபோலவே, பார்ப்பவர்கள் பெங்களூரு, ஓசூர், திருப்பூரில் அதிகம் என்று கணக்கு காட்டினால், "கூரியர்ல அனுப்புவோம், அரை கிலோ இவ்வளவு, இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்று வீடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். பார்க்கிற ஆளை வாங்குகிற ஆளாக மாற்றுவது இந்த ஒரு வரிதான்.

ஒரு கிராமத்துச் சேனல்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பலருக்கும் தெரிந்ததுதான். 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அது. அந்த ஆண்டே முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

அவர்கள் வீடியோவைக் கவனித்துப் பாருங்கள். அதே ஆட்கள், அதே வயல்வெளி, அதே முறை. பேச்சு குறைவு, வேலை அதிகம். அதனால் தமிழ் தெரியாதவரும் பார்க்க முடிகிறது. வந்தவருக்கு அடுத்த முறை என்ன கிடைக்கும் என்று தெரியும். ஆகவே திரும்பி வருகிறார்.

ஆசையும் அளவும்

விளம்பர வருமானம் பற்றியும் கேட்கிறீர்கள். இப்போதைய விதிப்படி 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆளுக்கு இரண்டரை நிமிடம் என்றால் இதற்கு 96,000 முறை பார்க்கப்பட வேண்டும். எனவே முதல் குறி முறுக்கு விற்பனையாக இருக்கட்டும். விளம்பரப் பணம் வந்தால் லாபம்.

எச்சரிக்கை

• "2,000 ரூபா குடுங்க, பத்தாயிரம் ஃபாலோயர் ஏத்தித் தரேன்" என்று யாராவது வந்தால் பொது நிதியிலிருந்து ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது போலிக் கணக்கு. பார்க்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். நாம் படிக்கும் கணக்கையும் கெடுத்துவிடுவார்கள். இது யூடியூப் விதிக்கு விரோதம், சேனலையே நீக்கிவிடலாம்.

• சேனல் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். வீடியோ எடுத்துத் தரும் தம்பிக்கோ மகனுக்கோ பாஸ்வேர்டு கொடுக்கத் தேவையில்லை. ஸ்டுடியோவிலேயே அவருக்கு 'எடிட்டர்' அனுமதி மட்டும் கொடுக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். வங்கிப் புத்தகத்தை யாரிடமும் கொடுத்து வைப்போமா?

• மூன்றாவதுதான் முக்கியமானது. ஒரு உறுப்பினர் கடன் கஷ்டத்தையோ வீட்டுச் சண்டையையோ சொல்லி அழுத வீடியோவை, முறுக்கு வீடியோவைவிடப் பல மடங்கு பேர் பார்க்கலாம். 'இதுமாதிரி இன்னும் போடு' என்றுதான் எண்கள் சொல்லும். ஆனால் நாளைக்கு அதே தெருவில் நடந்து போக வேண்டியவர் அந்தப் பெண். அவள் மானம் எந்த அனலிட்டிக்ஸிலும் வராது. எதைப் போடுவது, எதைப் போடக்கூடாது என்பதைக் குழு முடிவு செய்ய வேண்டும், எண் முடிவு செய்யக்கூடாது.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, வீடியோ பெயர், தொட்டவர் சதவீதம், சராசரி நேரம், திரும்பி வந்தவர், வந்த ஆர்டர்.

2. கடைசி ஐந்து வீடியோவுக்கு எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் கோடு இறங்குகிறது, ஏன் என்று எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரிடமும் கேளுங்கள். பார்ப்பவர் மனசு அவருக்கும் தெரியும்.

3. அடுத்த மாதம் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானமாக எழுதுங்கள்.

4. யார் முகம், யார் கதை வீடியோவில் வரலாம் என்பதற்குச் சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பேரேடு எழுதத் தெரிந்த கை இது. இந்தக் கணக்கும் நமக்கு வசப்படும்.